பாடை கடக்கும் ஓடுபாதை

என் குரல் இப்படிக் கரகரப்பாக இருப்பதற்குச் சளிதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? ஆட்டைத் துரத்தியும் ஆளைத் துரத்தியும் கத்திக் கத்தியே தொண்டையைத் தேய்த்தவள் நான். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் நடுவில், சவுக்குத் தோப்புகளுக்குள், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சின்ன கிளப் ஒன்று இருந்தது. அதன் ஓடுபாதையில் யாரும் எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்த வேலையில் ஒருநாள்கூட நான் யாரிடமும் நல்ல பேர் வாங்கியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் வெயிலில் நடை. ஒருநாள் ரேடியோவில் பேசுகிறவர் வரவில்லை. கூப்பிட்டு என்னை உட்கார வைத்தார்கள். என் குரல் மேலே கணீரென்று கேட்கிறதாம். அத்தோடு டைப்ரைட்டர் மூலைக்குப் போயிற்று. அதற்கான பரீட்சையும் எழுதித் தேறினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை, நான்கு பக்கமும் ஜன்னல், ஒரு மேஜை ரேடியோ, ஒரு வாக்கி டாக்கி. மீனம்பாக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதையும் ஒரு விமான நிலையம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நீளமான தார் ரோடு, ஓரத்தில் காற்றடிக்கும் திசையைக் காட்டத் துணிப்பை கட்டிய கம்பம். பாதி எல்லைக்குக் கம்பி வேலி, மீதிப் பாதிக்கு வேலிக்காத்தான் முள். அவ்வளவுதான்.

ஆனால் எவ்வளவு சின்ன ஓடுபாதையானாலும் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. இறங்க வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை. தரையில் ஊர்ந்து வருகிறவன் நின்று வழிவிட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து இறங்க வந்தால் தாழ இருப்பவன் முதலில். இறங்கியவன் நடுவில் நின்று வேடிக்கை பார்க்காமல் சட்டென்று ஒதுங்க வேண்டும். குறுக்கே தாண்டுகிறவன் கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் மேலேயும் பார்த்துவிட்டு, நிற்காமல் தாண்ட வேண்டும். மாணவர்களுக்கு இதை மந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பார்கள். அணுமின் நிலையம் இருக்கிற சதுரங்கப்பட்டினம், அணுபுரம் பக்கம் விமானத்தின் மூக்கையே திருப்பக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான். பையன்கள் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நான்தான், வேறு யார்?

நெல் காயப்போட நல்ல சூடான தார் என்று ஒரு வீடு. பந்து நன்றாக எகிறும் என்று கிரிக்கெட் கோஷ்டி. தலைச்சுமையோடு குறுக்கு வழியில் போகிறவர்கள். எல்லோரையும்விடப் பெரிய எதிரி ஓர் ஆட்டுக்காரர். தலையில் துண்டு, வாயில் பீடி, உலகத்தில் எதற்கும் அவசரமில்லாத நடை.

"யோவ் பெரியவரே! பிளேன் வருது, ஆட்டை ஓட்டுய்யா!"

"இன்னா பாப்பா, சும்மா கூவிகினு கீற? பிளேனுக்குக் கண்ணு இல்லியா? ஆடு நிக்கறது தெரியாது?"

"மேல இருக்கிறப்ப பிரேக் கிடையாதுய்யா அதுக்கு!"

"பிரேக் இல்லாத வண்டிய இன்னாத்துக்கு ஓட்டறீங்க?"

தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய் ஆடுகளைத் துரத்துவேன். அடுத்த நாளும் இதே கூத்து. ஒரு வருஷம் இப்படிப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷர் வெள்ளை வேட்டி சட்டையோடு கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் பழத்தட்டு. என்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறாராம்! பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே என் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணுக்கு நல்ல வாயி. எம்புள்ளைக்கு வாயே இல்ல. ரெண்டும் சேந்தா சரியாப்பூடும்." விசாரித்ததில் தூரத்து உறவாகவும் வந்துவிட்டது. மாப்பிள்ளை செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிற சாது. இப்படித்தான் அந்த ஆட்டுக்காரர் எனக்கு மாமனாரானார். நான் ஓடுபாதையை ஒட்டிய அந்த ஊருக்கே குடிவந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் ஊர் ஆடுகள் ஓடுபாதையில் ஏறின. மாமாவின் ஆடுகள் ஏறவில்லை. அதை வாயால் ஒருநாளும் சொல்லிக்காட்டாதவர் அவர்.

ஆட்டையும் கிரிக்கெட்டையும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது. ஊர் ஓடுபாதைக்கு மேற்கே. சுடுகாடு கிழக்கே, கால்வாய் ஓரம். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் தார் போடுவதற்கு முன்பே சுடுகாட்டுப் பாதை அங்கே இருந்தது. அதனால் ஊர்ப் பக்கத்து முள்ளுக்கு நடுவில் பாடை போக ஒரு கேட் விட்டிருந்தார்கள். பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பி, மறுபடி தூக்கிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். அப்படித் திருப்பினால்தான் போன உயிருக்கு வீட்டு வழி மறக்குமாம், திரும்பி வராதாம். எங்கே இறக்குவது என்று தலைமுறை தலைமுறையாக ஓர் இடம் உண்டு. அந்த இடத்தின் மேல்தான் ஓடுபாதை ஓடுகிறது. ஓரமாகக்கூட இல்லை, நட்ட நடுவில், வெள்ளைக்கோடு போட்டிருக்கும் இடத்தில்.

ரோட்டில் பிணம் வந்தால் யார் காராக இருந்தாலும் ஒதுங்கி நிற்கும். இறங்குகிற விமானத்துக்கும் எல்லோரும் ஒதுங்க வேண்டும். இந்த இரண்டும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

முதல் சில வருஷங்கள் பெரிய தொல்லை இல்லை. அன்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் பொறுமைசாலி, விமானங்களும் குறைவு. சாவு விழுந்தால் ஒரு ஆள் முன்னாலேயே வந்து என்னிடம் சொல்வான். நான் மேலே இருப்பவர்களைச் சுற்றச் சொல்வேன். பறை அடித்து, பூ இறைத்து, பொரி இறைத்து, வெடி போட்டு, நடுவில் இறக்கித் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்புறம் என் வேலை ஆரம்பிக்கும். பொரிக்குக் காக்கை வரும், காக்கை வந்து என்ஜினில் அடிக்கும். மாலை நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் துடைப்பமும் வாக்கி டாக்கியுமாகப் பிணத்துக்குப் பின்னாலேயே நடந்து, எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, "ரன்வே கிளியர்" என்று சொல்வேன். ஊர்ப் பெண்கள் பிணத்தோடு ஓடுபாதையின் இந்தப் பக்க ஓரம்வரைதான் வருவார்கள். அங்கே நின்று மாரடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நான் ஒருத்திதான் தாண்டிப் போகிறவள். அது பற்றி முணுமுணுப்பு இருந்தது. முணுமுணுத்தவர்களிடம் துடைப்பத்தை நீட்டினேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. பைலட் வேலைக்கு ஏக கிராக்கி. மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். காலையிலிருந்து சாயந்திரம்வரை ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே சத்தம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கேப்டன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, அளந்த பேச்சு. ஓடுபாதையில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தால்கூட அவரே குனிந்து எடுப்பார், பிறகு எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துத் திட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. திடீர்ச் சாவு ஒன்று. அவன் சொல்லியிருப்பான் என்று இவனும், இவன் சொல்லியிருப்பான் என்று அவனும் இருந்துவிட்டார்கள். எனக்குச் செய்தியே வரவில்லை. ஒரு பையன் முதல்முறையாகத் தனியாகப் பறந்துவிட்டு இறங்க வருகிறான், சக்கரம் தார் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. முள்ளுக்குள்ளிருந்து கூட்டம் வெளியே வருகிறது. பறைச் சத்தத்தில் விமானச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் பாடையை இறக்கிவிட்டார்கள்.

"இறங்காதே! மேலே ஏறு, திரும்ப ஏறு!" என்று ரேடியோவில் அலறினேன். விமானம் இன்னும் தாழ்ந்துகொண்டே வந்தது.  அப்புறம் என்ஜின் உறுமியது. விமானம் தலைகளுக்கு மேலே உரசுகிற மாதிரி ஏறிப் போயிற்று. கூட்டம் மொத்தமும் சிதறி ஓடியது. பறை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கொள்ளிச்சட்டி உடைந்து நெருப்பு தாரில் சிதறிக் கிடந்தது. நடுவில் பாடை மட்டும் தனியாக. நான் படியிறங்கி ஓடிப் போவதற்குள் கேப்டன் போய்ச் சேர்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்து திரும்பி வரும்வரை பிணத்துக்குப் பக்கத்தில் நின்றார். 

மறுநாள் என் மாடி அறைக்கு வந்தார். "மேடம், அந்த கேட்டுக்கு வெல்டு வெச்சுடலாம். ரோடு இருக்கு, சுத்திப் போகட்டும்."

"சுத்திப் போறது ரொம்ப தூரம் சார். தோள்ல தூக்கிட்டுப் போக முடியாது. லாரிதான் வைக்கணும்."

"அது அவங்க பிரச்சனை."

"நானும் அவங்கதான் சார்."

 உண்மையைச் சொல்கிறேன், வெல்டு வைத்துத் தொலைத்தால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன். ஆனாலும் பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். செய்தி முன்னாலேயே வர வேண்டும். பறை ஓரத்தோடு நிற்க வேண்டும். பூ, பொரி, வெடி எதுவும் தாரின் மேல் கூடாது. முக்கியமாக, நடுவில் இறக்கக் கூடாது. நிற்காமல் தாண்டி, அந்தப் பக்கப் புல்லில் இறக்கித் திருப்பிக்கொள்ளலாம். "ஒரு தடவை நடுவுல நின்னாலும் கேட்டை மூடிடுவேன், அப்புறம் நீங்க சொல்லியும் பிரயோஜனம் இல்லை" என்றார் கேப்டன்.

இதை ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். அப்பப்பா! "மருமவளா வந்தவ எங்க பொணத்துக்கு ரூல்ஸ் போட்றாளா?" என்று ஒருத்தர். "எறக்கற எடத்துல எறக்கலன்னா அது சாவா, மூட்ட தூக்கறதா?" என்று இன்னொருத்தர். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் எழுந்தார்.

"ஏய், போதும் நிறுத்துங்கடா பேஜாரு. அன்னிக்குப் பொணத்த வுட்டுட்டு ஓடனீங்களே, அப்ப இன்னா ஆச்சி ஒங்க வழக்கம்? அவ சொல்றத கேளுங்க."

கூட்டம் அடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார்: "இத பார், அது ஊருக்கு. என்ன மட்டும் நடுவுலதான் எறக்கணும். எங்க நைனாவ அங்கதான் எறக்கனாங்க. எம்பொண்டாட்டிய அங்கதான் எறக்கனாங்க. புரிதா?"

"மாமா!"

"இன்னா மாமா? ஒன் ரேடியோல சொல்லு. ஆட்டுக்காரன் படுத்துகினு கீறான், கொஞ்ச நேரம் மேலயே சுத்துங்கன்னு."

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் நடந்தேன்.

அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு முதல் சாவு, கிளப் வாசலுக்கு வெளியே நாஸ்தா கடை போட்டிருந்தவளுடைய வீட்டில் விழுந்தது. அவள் கையால் இட்லி சாப்பிடாத மாணவன் கிளப்பில் கிடையாது. எனக்கு அக்கா முறை. அவள் புருஷன் ஒரு காலை வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயசும் அதிகமில்லை. பாடையைத் தூக்கி வந்தார்கள். பறை ஓரத்தோடு நின்றது. நான் மேலே இருந்த விமானத்தைச் சுற்றச் சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தேன். நடு இடம் வந்ததும் தூக்கியவர்களுடைய கால்கள் தானாக நின்றன. பழக்கம்தானே. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து அவள் கத்தினாள்.

"ஒரே ஒரு நிமிசம் எறக்க வுடு தாயி! அவரு வூட்டு வழி மறக்காம அலைவாருடீ! ஒன் கால்ல வுழறேன்!"

"நிக்காதீங்க. நடங்க" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நடந்தார்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுபடி கடை போட ஆரம்பித்தபிறகு, நான் போனால் டீயைப் போட்டு என் முன்னால் வைப்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். மற்றவர்களிடம் பேச்சும் சிரிப்பும் எப்போதும் போல. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு விழுந்த சாவுகளுக்கெல்லாம் அதே 'நடங்க'தான். யாருக்கும் இறக்கவிடவில்லை. கேட்டும் மூடப்படவில்லை.

மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது அதற்கு அப்புறம். அந்தப் பீடி விடுமா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம், மருந்து வாங்கினோம், வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். ஆடுகளை விற்றாயிற்று. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அதே கேள்வியோடு காத்திருப்பார்.

"இன்னாமே, கேட்டு தொறந்துதான கீது?"

"தொறந்துதான் இருக்கு மாமா. கஞ்சியைக் குடிங்க."

"நடுவுல எறக்குவ இல்ல?"

"கஞ்சியைக் குடிங்க மாமா."

"பேச்ச மாத்தாத. எறக்கலன்னா வூட்டுக்கே திரும்பி வந்துடுவேன். வந்து ஒன் பிராணனத்தான் வாங்குவேன்."

"இப்ப மட்டும் என்ன வாங்காம விட்டு வெச்சிருக்கீங்க?"

சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் நிற்காது. முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே யோசிப்பேன். சும்மா ஒரு 'சரி' சொல்லிவிட்டால் என்ன? சாகிற மனுஷருக்கு ஒரு சரி. செத்தபிறகு அவர் வந்து கேட்கப்போகிறாரா? ஆனால் அவருக்கா தெரியாது, நான் பொய் சொன்னால் எப்படி இருப்பேன் என்று? ஒருநாள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். "மாமா, அந்த நாஸ்தா கடைக்காரி வீட்டுக்கு இல்லேன்னு சொன்னேன். அப்புறம் எத்தனை வீட்டுக்குச் சொன்னேன். நம்ம வீட்டுக்கு மட்டும் எப்படிச் செய்வேன்?"

கையிலிருந்த கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும், நீ அடங்காதவன்னு" என்றார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. நானும் சரி என்று சொல்லவில்லை.

ஒரு விடியற்காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே.

எனக்கு லீவுதான். ஆனால் ரேடியோ பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் ஊருக்குப் போயிருந்தார். செய்தி தெரிவதற்கு முன்பே கேப்டன் ஒரு மாணவனோடு நீண்ட பயிற்சிக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் திரும்பும் நேரமும் பாடை தூக்கும் நேரமும் ஒன்றாக வந்தது. ஒதுங்கச் சொல்ல ஆள் இல்லாத ஓடுபாதையில் எங்கள் வீட்டுப் பிணத்தையே குறுக்கே அனுப்ப முடியுமா? தலைவிரி கோலமாக எழுந்து கிளப்புக்குப் போய் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரருடைய அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, அடுத்தவன் வூட்டு சாவுக்குப் போன, சரி. சொந்த வூட்டு சாவுக்குப் பொம்பள தாண்டுவியா?"

"பிளேன் வருது அத்தை. விடுங்க."

ஊர்வலம் ஓரத்துக்கு வந்தது. பறை நின்றது. பெண்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் நாஸ்தா கடைக்காரி வெறும் கையோடு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். வானத்தில் விமானம் சின்னதாகத் தெரிந்தது. ரேடியோவில் கூப்பிட்டேன். ஓடுபாதையில் ஆட்கள் தாண்டுகிறார்கள், மேலேயே இருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். குரல் உடையவில்லை. யாருடைய பிணம் என்று கேப்டன் கேட்டார். சொன்னேன். 

பாடை தாரில் ஏறியது. முன்னால் என் வீட்டுக்காரர் கொள்ளிச்சட்டியோடு. பின்னால் நான். மாமாவின் பாதங்கள் மட்டும் துணிக்கு வெளியே தெரிந்தன, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி. எத்தனை வருஷம் அந்தக் கால்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன், நகருய்யா நகருய்யா என்று.

நடு இடம் வந்தது. கால்கள் நின்றன. என் வீட்டுக்காரர் திரும்பினார். வாயில்லாத அந்த மனுஷர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "எறக்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான். அப்போது ரேடியோ கரகரத்தது. கேப்டன்.

"மேடம், பெட்ரோல் நிறைய இருக்கு. நாங்க சுத்திட்டு இருக்கோம். எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க. இன்னைக்கு நான் எதையும் பார்க்கலை."

அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. தூக்கியவர்கள் குனியவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் திரும்பி ஓரத்தைப் பார்த்தேன். நாஸ்தா கடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அசையவே இல்லை.

"நடங்க" என்றேன்.

யாரும் நம்பவில்லை. மறுபடி சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? பாடை நிமிர்ந்தது. நடந்தார்கள். அந்தப் பக்கப் புல்லில் இறக்கினார்கள், திருப்பினார்கள், தூக்கினார்கள். நான் தாரின் விளிம்பிலேயே நின்றுவிட்டேன். அதற்கு மேல் போனால் விமானத்தை யார் பார்ப்பது? முள்ளுக்குள் பாடை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூ போடக் கூடாது என்று சொல்லியும் மாலையிலிருந்து உதிர்ந்து வழியெல்லாம் கிடந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். துடைப்பம் எடுத்துவர மறந்துவிட்டேன். சம்பங்கி, சாமந்தி. அன்றைக்கு அவை ஏனோ கையில் நிற்கவே இல்லை. பாதி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு கை வந்து பொறுக்கியது. நாஸ்தா கடைக்காரி. ஓடுபாதைக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்டே நகர்ந்தோம். நடு இடத்துக்கு வந்ததும் முந்தானையில் பூவை முடிந்துகொண்டு நிமிர்ந்தாள். 'என் புருஷனைச் சுமந்த வழியில் நீ கத்தினாயே' என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எறக்கியிருக்கலாம் இல்லடீ" என்றாள். "பாவம், எவ்ளோ ஆசப்பட்டாரு. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

 அவளை ஓரத்துக்குப் போகச் சொன்னேன். போனாள். இரண்டு பக்கமும் பார்த்தேன், மேலே பார்த்தேன். ரன்வே கிளியர் என்று சொன்னேன். விமானம் வந்து, அந்த நடு இடத்தின் மேல் சக்கரம் உருள, இறங்கி ஒதுங்கியது.

கேட் பிறகும் பல வருஷம் திறந்தே இருந்தது. கிளப்தான் ஒருநாள் மூடப்பட்டது. கடைக்காரி மறுநாளிலிருந்து என்னோடு பேச ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் பேச வெகுநாள் ஆயிற்று, அதை அவர் வாயில்லாதவர் என்று சொல்லி ஊரில் சமாளித்தேன்.

காரியம் முடிகிறவரை நான் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. நாய் வருமே என்றாள் அத்தை. வந்தால் வரட்டும் என்றேன். இறக்கவேண்டிய இடத்தில் இறக்கவில்லை, வழி மறந்திருக்காது, வந்து என் பிராணனை வாங்குவதாகச் சொன்னவர்தானே. தினமும் கஞ்சியும் ஒரு டம்ளர் கூடுதலாக வைத்தேன். அவர் வரவே இல்லை.